சுவரில் இருப்பவள் உன் அம்மா இல்லை

தம்பிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கே மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, என் கால் வீக்கம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. நீ மூன்று காரியம் எழுதியிருந்தாய். மேளக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. பட்டு வேட்டியைப் பக்கத்துத் துணிக்கடைக் காசிம் நானாவிடமே எடுத்துவிட்டேன்; யுத்தத்தால் நல்ல சரக்கு வருவதே இல்லை என்று புலம்பிக்கொண்டே உள்ளேயிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது காரியம் படம். கலேவெலவில், பெண் வீட்டு மணவறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அம்மா படத்தை வைக்க வேண்டும், தாலி கட்டுவதற்கு முன்னால் அதன் முன் விழுந்து கும்பிட வேண்டும், கண்ணாடியைத் துடைத்து, சட்டத்துக்கு வார்னிஷ் அடித்து நீங்களே பத்திரமாகக் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான்கு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

அந்தப் படத்தில் இருப்பது உன் அம்மா இல்லை, தம்பி. எப்படிச் சுற்றி வளைத்தாலும் கடைசியில் இதைத்தான் சொல்லியாக வேண்டும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். உன் அம்மாவுக்குப் படமே கிடையாது. மாத்தளையில் இத்தனை வருஷம் கமரா பிடித்து, தோட்டத்துத் துரைமார், அவர்கள் பெண்டாட்டிமார், அவர்கள் நாய்கள் வரைக்கும் படம் எடுத்தவன், தன் வீட்டுக்காரியை ஒரு படம் எடுக்கவில்லை. நீ ஐந்து வயதிலிருந்து பூ வைத்துக் கும்பிட்டு வருவது வேறொருத்தியை. அவள் உயிரோடு இருக்கிறாள். கலேவெலவில், உன் மாமனார் கடைக்கு அடுத்த அரிசிக்கடை முதலாளியின் சம்சாரம் அவள். நீ கட்டப்போகும் பெண் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். சம்பந்தம் பேசப் போன அன்று தூரத்திலிருந்து பார்த்தே அடையாளம் கண்டுகொண்டேன். அந்தப் படத்தை நாற்காலியில் வைத்தால், முன் வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பவள் தன்னைத்தானே மாலையோடு பார்ப்பாள். அப்பா வயதான காலத்தில் யோக்கியனாகிவிட்டார் என்று நினைத்துவிடாதே. வேறு வழி இல்லாமல்தான் எழுதுகிறேன். நீ வேறு ஊரில் பெண் எடுத்திருந்தால் இந்த விஷயத்தை என்னோடு சேர்த்தே எரித்திருப்பார்கள்.

உனக்கு என் தொழில் பிடிக்காது. மருந்து வாடை ஆகாது என்று இருட்டறைப் பக்கமே வரமாட்டாய். அதனால் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். இப்போது வரும் சின்னக் கமராவில் சுருளாகப் பிலிம் இருக்கும், திருகிக்கொண்டே போகலாம். என்னுடையது மூன்று கால் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கும் பெரிய கமரா. அதில் ஒரு படத்துக்கு ஒரு தனித் தகடு பிலிம், தபால் அட்டையைவிடச் சற்றுப் பெரியது. அதை இருட்டில் பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்லைடு என்று நாங்கள் சொல்லும் மெல்லிய மரச்சட்டத்துக்குள் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகி, மேலே மூடியைத் தள்ளி மூட வேண்டும். பிலிமில் ஒரு பக்கம்தான் மருந்து பூசியிருக்கும். அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். ஓரத்தைத் தவிர வேறு எங்கும் விரல் படக்கூடாது. ஒரு தூசு விழுந்தால் படத்தில் கரும்புள்ளி. இவ்வளவுதான், ஆனால் இவ்வளவையும் கண் தெரியாமல் செய்ய வேண்டும்.

எனக்கு அது சரியாக வந்ததே இல்லை. என் கை எப்போதும் வேர்க்கும். கல்யாணமான புதிதில் ஒரு துரைசாணியைப் படம் எடுத்துக் கழுவிப் பார்த்தால், அவள் கன்னத்தில் என் கட்டைவிரல் ரேகை முழுசாக விழுந்திருந்தது. துரை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். அவமானத்தோடு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் காட்டினேன். “துரைசாணி கன்னத்தக் கிள்ளிப்புட்டு வந்து நிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சிரித்து முடித்துவிட்டு, “குடுங்க, நான் போட்டுப் பாக்குறேன். என் கை வேர்க்காது” என்று ஸ்லைடை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள்தான்.

கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்காருவாள். ஸ்லைடைத் தூரிகையால் துடைப்பாள். மருந்துப் பக்கம் எது என்று தெரிந்துகொள்ள பிலிமின் ஒரு மூலையை உதட்டில் வைத்துப் பார்ப்பாள். மருந்துப் பக்கம் லேசாக ஒட்டும். ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கும்போது “ஒண்ணு... ரெண்டு...” என்று எண்ணுவது வெளியே கேட்கும். பிலிம் போட்ட ஸ்லைடு வலப்பக்கத் தட்டில், காலி ஸ்லைடு இடப்பக்கத் தட்டில். இது அவள் வைத்த ஒழுங்கு. நான் யோசிக்கவே மாட்டேன். வலப்பக்கம் கை நீட்டுவேன், எடுப்பேன், பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புவேன். நீ நாளைக்குக் குடித்தனம் நடத்தப் போகிறவன். உன் வீட்டில் எதெல்லாம் தானாக நடக்கிறதென்று உனக்குத் தோன்றுகிறதோ, அதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று எழுந்துபோய் ஒரு தடவை பார்த்துவிடு. நான் பார்க்கவில்லை.

உனக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது ஒரு வெள்ளைக்காரர் நாலந்தாவில் உள்ள பழைய கல் கோயிலைப் படம் எடுத்துத்தரச் சொன்னார். சுற்றுச் சுவர், தூண், கல்லில் உள்ள வேலைப்பாடு எல்லாம் வேண்டும், மூன்று நாள் வேலை. அத்தனை ஸ்லைடு என்னிடம் இல்லை. அங்கேயே பிலிம் மாற்றியாக வேண்டும். அதனால் உன் அம்மாவையும் கூட்டிப்போனேன், நீயும் இடுப்பில் வந்தாய். அவளுக்கு அங்கே வர விருப்பமில்லை. “அந்தப் பக்கம் காய்ச்சல்ங்கிறாங்களே, புள்ளையத் தூக்கிட்டுப் போகணுமா?” என்று கேட்டாள். மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்றேன். இரண்டு கம்பளியைக் கயிற்றில் போட்டு ஒரு கூடாரம் மாதிரிக் கட்டினேன். சாயங்காலம் ஆனதும் அதற்குள் உட்கார்ந்து எடுத்த பிலிமை வெளியே எடுத்துப் புதுசு போடுவாள். உள்ளே காற்று கிடையாது, கொசு மொய்க்கும். கையில் பிலிம் இருக்கும்போது கொசுவை அடிக்க முடியாது. அசைந்தால் தூசு எழும்பும். கடித்தால் கடிக்கட்டும் என்று முடிக்கும் வரைக்கும் அப்படியே இருப்பாள். வெளியே வரும்போது முழங்கை முழுக்கத் தடித்திருக்கும். நான் அதைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

கடைசி நாள் வேலை முடிகிற நேரம், கோயில் படியில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, “எல்லாக் கல்லையும் எடுத்துட்டீங்க. எங்க ரெண்டு பேத்தையும் ஒண்ணு எடுங்களேன்” என்றாள். கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம் இரண்டு பிலிம் மீதி இருந்தது. துரை ஏதாவது சரியில்லை என்று சொன்னால் திரும்ப எடுக்க வேண்டி வருமே என்று அதை வைத்திருந்தேன். “மாத்தளைக்குப் போய் எடுக்கலாம், வீட்டுல நல்ல சீலையா உடுத்திக்க” என்றேன். “சரிங்க” என்றாள். அந்த இரண்டு பிலிமும் உபயோகப்படவில்லை, அப்படியே திரும்பி வந்தது. மாத்தளைக்கு வந்த பிறகு அவள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தினமும் கமராவுக்குப் பக்கத்தில் நடமாடுகிறவளை எடுக்க என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன்.

திரும்பி வந்து இரண்டு வாரம் போல இருக்கும், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கும், நடுக்கம் நின்றால் எழுந்து வேலை செய்வாள். எனக்கு அந்த வாரம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வீட்டுக் கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆறு ஸ்லைடு தயார் பண்ணச் சொன்னேன். காய்ச்சல் இல்லாத நாள்தானே என்று சொன்னேன். அவள் எழுந்து போய் ஆறையும் துடைத்து, மூடியைச் செருகி, வலப்பக்கத் தட்டில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் கூடத்தில் ஒரு படத்துக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டிப் போகும்போது, “தொடச்சு மட்டும் வச்சிருக்கேங்க. இன்னும் பிலிம் போடல, தலை சுத்துது, எந்திரிச்சுப் போடுறேன்” என்று சொன்னாள். நான் “ம்” என்றேன்.

அந்த “ம்” பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, தெரியும். ஆனாலும் கேள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு எழுத்து விடாமல் இப்போதும் சொல்கிறேனே, விழாமலா இருக்கும். விழுந்தது, உள்ளே போகவில்லை. பெண்டாட்டி பேசும்போது “ம்” போடுகிற புருஷன்மார் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். நீயும் போடுவாய், என் பிள்ளைதானே. போட்டால் உடனே திரும்பி, என்ன சொன்னாய் என்று இன்னொரு தடவை கேள். அவள் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை, கேள்.

அவள் எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் காலையில் போய்விட்டாள். வைத்தியர் வந்தார், காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார், எல்லாம் நடந்தது. அதை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. காசிம் நானா வந்து வாசலில் நின்றார். ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். நம்மவர்களில் சாவு விழுந்தால் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம் என்று உனக்குத் தெரியும். எத்தனை வீட்டுக்கு நானே போய் எடுத்திருக்கிறேன். நான் திண்டாடிக்கொண்டு நின்றதைப் பார்த்து அவர்தான் சொன்னார். “தம்பி, ஒரு போட்டோ எடுத்து வைங்க. இந்தப் புள்ள நாளக்கி உம்மா எங்கேன்டு கேட்டா எதக் காட்டுவீங்க?”

சரி என்று எழுந்தேன். பெண்கள் அவளுக்குக் கூறைச்சீலை உடுத்தி, முற்றத்தில் நாற்காலியில் சாய்த்து, பின்னால் ஒரு துணியால் கட்டி நிறுத்தினார்கள். நான் உள்ளே போய் வலப்பக்கத் தட்டில் கை நீட்டி ஒரு ஸ்லைடை எடுத்து வந்தேன். கமராவை நிறுத்தினேன். காலை ஒன்பது மணி, நல்ல வெளிச்சம், கண் கூசாத வெளிச்சம். அசையாத ஆள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், தம்பி. சொந்தப் பெண்டாட்டி என்று தோன்றவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கை நடுங்கவில்லை. ஐந்து எண்ணி ஒன்று எடுத்தேன். ஸ்லைடைத் திருப்பிப் போட்டு, ஏழு எண்ணி இன்னொன்று எடுத்தேன். “முடிஞ்சுது, தூக்குங்க” என்று நானே சொன்னேன். சுற்றி நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

கருமாதி முடிந்த மறுநாள்தான் இருட்டறைக்குள் போனேன். சிவப்பு விளக்கை ஏற்றி, மருந்தைக் கரைத்து, ஸ்லைடின் மூடியை இழுத்து விரலை விட்டேன். அடியில் உள்ள தகரம்தான் தட்டுப்பட்டது. திருப்பி மறுபக்கம் இழுத்தேன், அங்கேயும் தகரம். தட்டில் இருந்த மற்ற ஐந்தையும் திறந்தேன். ஆறும் காலி. ஒரு தூசு இல்லாமல் துடைத்த காலி. அப்போதுதான் அவள் சொன்னது உள்ளே போயிற்று. ஸ்லைடைக் காதோரம் ஆட்டிப் பார்த்தாலே பிலிம் இருந்தால் சின்னதாகச் சத்தம் கேட்கும். ஒரு தடவை ஆட்டிப் பார்க்கவில்லை. மூடிகளைத் திரும்பச் செருகி, இடப்பக்கத் தட்டில் அடுக்கிவிட்டு, வெளியே வந்து சோறு சாப்பிட்டேன். கத்தியிருக்க வேண்டும், தலையை முட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் தாடை மரத்துப்போகுமே, அந்த மாதிரி இருந்தது. அது அப்புறம் தெளியவே இல்லை. நான் உன்னிடம் பிரியமாக இல்லை என்று ஒரு தடவை சண்டை போட்டாயே, அன்றைக்கு உனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரியம் இருந்தது, எனக்குத்தான் எட்டவில்லை.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிது. யார் வீட்டிலோ சாமி படத்துக்குப் பக்கத்தில் செத்துப்போன அம்மாவின் படத்தை மாலை போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, “நம்ம அம்மா படம் எங்கப்பா?” என்று கேட்டாய். பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். எடுங்க என்றாய். நாளைக்கு என்றேன். மறுநாளும் கேட்டாய், அதற்கு மறுநாளும். ஒருநாள் சோறு சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாய். எழுந்து இருட்டறைக்குள் போனேன். நான் யாரை எடுத்தாலும் இரண்டு பிலிம் எடுப்பேன். நல்லதை அச்சுப்போட்டுக் கொடுப்பேன், மற்றது பெட்டியில் கிடக்கும். அந்தப் பெட்டியைப் புரட்டினேன். கலேவெலவிலிருந்து ஒரு தகப்பன் தன் பெண்ணைக் கூட்டிவந்து, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எடுத்த படம் கிடைத்தது. உன் அம்மா வயதுதான் இருக்கும். சாயல் ஒன்றும் இல்லை. முகம் சாந்தமாக இருந்தது, அவ்வளவுதான். அச்சுப்போட்டு, காய்ந்ததும் கொண்டுவந்து, “இதான்” என்றேன்.

நீ அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாய். பிறகு சட்டம் போட்டேன், சுவரில் மாட்டினேன், நீ பூ வைத்தாய். பரீட்சைக்குப் போகும்போது அதனிடம் சொல்லிவிட்டுப் போனாய். என் மேல் கோபம் வந்தால் அதனிடம் போய் முறையிட்டாய், நான் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் சொல்லலாம் என்று இருந்து, ஒவ்வொரு வருஷமும் சொல்ல முடியாத அளவுக்கு அது உன் அம்மாவாக ஆகிக்கொண்டே போயிற்று. காசிம் நானா ஒருநாள் உள்ளே வந்தவர் அதைப் பார்த்தார். உன் அம்மாவைத் தினமும் பார்த்தவர் அவர். “நான் வாறன் தம்பி” என்று போய்விட்டார். அதற்குப் பிறகு வாசலோடு பேசிவிட்டுப் போவார், உள்ளே வரமாட்டார். வேட்டி எடுக்கப் போனபோதுகூட அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. உன் அம்மா முகம் எனக்கு மறந்துபோய்விட்டது. அவளை நினைத்துக் கண்ணை மூடினால் அந்தக் கலேவெலப் பெண்தான் வந்து நிற்கிறாள். ஸ்லைடு துடைப்பது, எண்ணுவது, என்னைக் கேலி செய்வது எல்லாவற்றையும் அவள் முகத்தோடுதான் பார்க்கிறேன். பதினெட்டு வருஷம் தினமும் ஒரு படத்தைப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். உன்னை ஏமாற்றுவதற்காகச் சுவரில் மாட்டிய படம் என்னையும் முடித்துவிட்டது.

போன சனிக்கிழமை பஸ் ஏறிக் கலேவெலவுக்குப் போனேன். உன் மாமனார் வீட்டுக்குப் போகவில்லை. அரிசிக்கடை வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனேன். அவள் முறத்தில் பயறு பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்துவிட்டாள், தலை பாதி நரைத்திருக்கிறது, வெற்றிலை போட்டுப் பல்லெல்லாம் சிவப்பு. ஆனாலும் அவள்தான். மாப்பிள்ளையோட அப்பா என்று சொன்னதும் எழுந்து பாய் போட்டாள். நான் உட்காராமல் நின்றுகொண்டே, இப்போது உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் ஒங்க வீட்டுச் செவுத்துல மாலையோட தொங்குறேன்.”

“ஆமாம்மா.”

“எத்தன வருசமா?”

“பதினெட்டு.”

“எம் புருசனும் புள்ளைங்களும் இருக்கையில, உசுரோட இருக்கிறவளுக்கு மால போட்டு வச்சிருக்கீங்க. அதுக்கே எமன் என்னையத் தூக்கிட்டுப் போயிருக்கணுமே, எப்படி இருக்கேன் இன்னும்?” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். “அந்தப் புள்ள தெனமும் கும்புடுமா?” என்று கேட்டாள். கும்பிடுவான் என்றேன். “என்னா சொல்லிக் கும்புடும்?” என்றாள். பரீட்சை, வேலை, அப்பா மேல் கோபம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

“எங்கப்பா அந்தப் படத்த அனுப்புன எடம் அமையல. படமும் திரும்பி வரல. அந்த வயசுல நான் எப்படி இருந்தேன்னு எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. மாலையக் கழட்டிட்டு அதக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துருங்க” என்றாள். தருகிறேன் என்றேன். “புள்ளைக்கிட்ட நீங்களே சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், ஆனா தெரியாம எங்கால்ல வந்து விழுந்துச்சுன்னா என்னால நிக்க முடியாது” என்றாள். நான் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள். “இத்தன வருசம் கும்புட்டதுக்கு அதுக்கு ஒருநா நான் சோறு போடுறேன். வரச் சொல்லுங்க.” படத்தை நேற்று இறக்கிவிட்டேன். மாலையை எடுத்து அம்மன் கோயில் மரத்தடியில் போட்டுவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. நீ ஆத்திரத்தில் அதை உடைத்துவிடக் கூடாது, அது அவளுடையது. நீயே உன் கையால் கொண்டுபோய்க் கொடுத்தால் நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் அதை உன்னிடம் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கமராவின் பின்பக்கக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். எனக்கு அது பழக்கம். அன்றைக்கு முற்றத்தில் உன் அம்மாவை அப்படித்தான் பார்த்தேன். நெற்றி கீழே, தாடை மேலே. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் நெடுநேரம் துணிக்குள்ளேயே இருந்தேன். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அது. மற்ற முகமெல்லாம் போய்விட்டது, அந்தத் தலைகீழ் முகம் மட்டும் எங்கேயோ இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

உனக்குப் பதினைந்து வயதில் அம்மை போட்டது. கூடத்தில் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாய். நான் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தேன். உன் நெற்றி என் பக்கம், தாடை அந்தப் பக்கம். உன் முகத்தில் அவள் இருந்தாள். அந்தக் கலேவெலப் பெண் இல்லை, அவள். வேப்பிலையைப் போட்டுவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் நின்று அழுதேன். அவள் செத்து அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதேன். “ஏம்ப்பா எந்திரிச்சுப் போயிட்டீங்க?” என்று பிறகு கேட்டாய். கண்ணில் வேப்பிலை பட்டுவிட்டது என்று சொன்னேன். நேராகப் பார்த்தால் நீ என்னைப் போலத்தான் இருக்கிறாய், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு உன்னை அந்தப் பக்கமிருந்து பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு வா. கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா. என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதே. கூடத்தில் பாயை விரித்து வைக்கிறேன். என் பக்கம் தலையை வைத்து மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள். நான் நெற்றியிலிருந்து ஆரம்பித்துப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன், உன் அம்மா எப்படி இருந்தாள் என்று நீ கேட்டுக்கொள்.

அப்பா